மண்ணில் விட்ட தண்டு

ரவுஷான் பிறந்து வளர்ந்த கசாக்கு ஊரில் மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தெற்கே, உப்புப் பூத்த புல்வெளி. காற்றடித்தால் வாயெல்லாம் மண் கரகரக்கும். வசந்த மழைக்குப் பிறகு குதிரைக் கொட்டிலுக்குப் பின்னால் எப்போதாவது ஒரு காளான் வெள்ளையாகத் தலைகாட்டும். குதிரை மூத்திரம் விழுந்த இடத்தில் முளைத்தது என்று பிள்ளைகள் அதைக் காலால் எத்தி விளையாடுவார்கள். அதை எடுத்து வாயில் வைக்கலாம் என்று அந்த ஊரில் எவருக்கும் தோன்றியதில்லை.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, புருஷன் சாபித்துக்குப் பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கிற வயலில் வேலை கிடைத்தபோதுதான் அவள் வடக்கே ஜாயிக் ஆற்றங்கரைக் கிராமத்துக்குக் குடிவந்தாள். நாற்பதைத் தாண்டியிருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. சாபித் மாதத்தில் பாதி நாள் வயலிலேயே கிடப்பான். வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் ஊர் ரொட்டிச் சூளையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மாவு பிசைகிற மேடையில் அவளுக்கு எதிரே நின்றவள்தான் தாஸ்யா.

தாஸ்யா அந்த ஆற்றங்கரை ரஷ்யக் கொசாக்கு வம்சம். அகன்ற தோள், முன்வரிசையில் ஒரு தங்கப் பல், வேலி இல்லாத வாய். அவளுக்கும் ஏறக்குறைய ரவுஷான் வயதுதான். மகன் எல்லை தாண்டி ரஷ்யாவில், சமாராவில் இருந்தான். புருஷன் ரோதியோன் மீன்பிடிக்கிறவன். அவன் வீட்டில் இருந்த நேரத்தைவிடப் படகில் இருந்த நேரமே அதிகம். ஆக, இரண்டு பெண்களுக்கும் ஆளில்லாத வீடு. சூளையில் காலை வேலை முடிந்ததும் ஒருத்தி வீட்டில் மற்றவள் தேநீர் குடிப்பது வழக்கமாயிற்று.

முதல் இலையுதிர் காலத்தில் ஒரு நாள், தாஸ்யா கூடையைத் தூக்கிக்கொண்டு ரவுஷானின் வாசலில் வந்து நின்றாள்.

“வாடி, காட்டுக்குப் போலாம். மழை பேஞ்சு விட்டிருக்கு. ஊரே அங்கதான் இருக்கு.”

“காளானுக்கா? நாங்க அதெல்லாம் திங்க மாட்டோம். குதிரை ஒண்ணுக்குப் போற இடத்துல முளைக்கறது.”

“உங்க குதிரை இங்க எங்கடி வந்துச்சு? நான் போறது ஓக் காட்டுக்கு. வேணும்னா வழி பூரா நான் காவல் இருக்கேன், ஒரு குதிரையும் ஒதுங்காம பாத்துக்கறேன். செருப்பப் போடு.”

பேச்சுத் துணைக்காகப் போனவள்தான் ரவுஷான். ஆனால் காட்டுக்குள் குனிந்து நடந்து, வெறும் சருகு என்று நினைத்த இடம் திடீரென்று ஒரு பழுப்புக் குடையாகக் கண்ணில் பட்டபோது, மார்புக்குள் என்னவோ துள்ளிற்று. ஒன்றைப் பார்த்தால் பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் ஒரு கூட்டமே. இத்தனை நேரம் இவை இங்கேதான் நின்றிருந்தன, தன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து மழை பெய்தால் தாஸ்யா கூப்பிடுமுன் இவள் கூடையை எடுத்து வைத்தாள். தின்னத்தான் மனம் வரவில்லை. வாணலியில் வதங்கிய காளான் நாக்கில் வழுக்கியதுமே துப்பிவிடுவாள். தன் பங்கையெல்லாம் தாஸ்யாவிடமே கொடுத்துவிடுவாள்.

“பொறுக்க ஒருத்தி, திங்க ஒருத்தி. உன்ன மாதிரி கூட்டாளி யாருக்குடி கிடைப்பா?” என்பாள் தாஸ்யா.

அவள் ஒன்றொன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். முதலில், பைன் மரத்தடியில் முளைக்கிற, தலையில் எண்ணெய் தடவியது போன்ற பழுப்புக் காளான். அதை மட்டும் பழகும்வரை வேறொன்றையும் தொடவிடவில்லை. அடுத்தது, அறுத்தால் பால் வடிகிற வெள்ளைக் காளான், உப்பில் ஊறப்போடுவதற்கு. அதற்கும் பிறகுதான் ஓக் மரத்தடிப் பச்சைக்குடை. “அடிப்பக்க மடிப்புல விரலை ஓட்டிப் பாரு, பொடிப்பொடியா உதிரும். உதிரலன்னா அது பச்சைக்குடை இல்ல. அதுல தலை மட்டும் போதும், கத்தியால குடைக்குக் கீழயே அறுத்துடு. தண்டு பூராவும் புழு. பிடுங்கினேன்னா கூடையெல்லாம் மண்ணாயிடும், அடுத்த வருஷம் அந்த இடமும் மலடாப் போயிடும்.”

விஷக்காளானைப் பற்றியும் சொல்லாமல் இல்லை. “வெளிறின்னு ஒண்ணு இருக்கு. பச்சைன்னும் சொல்ல முடியாது, வெள்ளைன்னும் சொல்ல முடியாது. தண்டுல பாவாடை கட்டியிருக்கும். அடியில, மண்ணுக்குள்ள, பையில காலை விட்டுக்கிட்டு நிக்கும். அதப் பாத்தா சிலுவை போட்டுட்டு நடையக் கட்டு.”

“நான் எப்படிடி சிலுவை போடறது?”

“பிஸ்மில்லா சொல்லிட்டு நட.”

இரண்டையும் அவள் ஒரே நாளில்தான் சொன்னாள். பாவாடையும் பையும் தண்டில் இருக்கிறதென்றால், தலையை மட்டும் அறுத்துக்கொண்டு வருகிறவளுக்கு அவை எப்படித் தெரியும் என்று சொன்னவளுக்கும் தோன்றவில்லை, கேட்டவளுக்கும் தோன்றவில்லை.

காட்டிலிருந்து திரும்பியதும் தாஸ்யா தன் முற்றத்தில் பழைய படுக்கைவிரிப்பை விரித்து, ரவுஷானின் கூடையை அதில் கவிழ்ப்பாள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பாள். சந்தேகமானது எதுவாக இருந்தாலும், “இது மாமியாருக்கு” என்று வேலிக்கு அப்பால் வீசுவாள். முதல் வருஷம் மாமியாருக்கு நிறையப் போயிற்று. இரண்டாம் வருஷம் குறைந்தது. ரவுஷானுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. ரஷ்யக்காரிகளே, “உன் கசாக்குக்காரிக்கு நல்ல கண்ணு” என்று தாஸ்யாவிடம் சொன்னார்கள்.

அந்த இரண்டாம் வருஷத்தில், வெயிலும் மழையும் மாறி மாறி வந்த ஒரு வாரம். தாஸ்யாவுக்குத் தக்காளி பழுத்துக் குவிந்து கிடந்தது. போத்தலில் அடைத்தே ஆகவேண்டும்.

“நீ மட்டும் போயிட்டு வா. உனக்கு இனி நான் எதுக்கு?” என்றாள்.

ரவுஷான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. ஆற்றின் பழைய வளைவை ஒட்டி ஒரு ஓக் தோப்பு இருந்தது. காட்டுப்பன்றிகள் இரவில் கிளறிப்போட்ட ஈர மண் வாசம். மேலே இலை இன்னும் உதிரவில்லை. உள்ளே விழுந்த வெளிச்சமே பச்சையாக இருந்தது. பச்சைக்குடைகள் சருகை முட்டிக்கொண்டு எங்கும் நின்றன. முதலில் அகப்பட்டதையெல்லாம் முறையாகத்தான் பார்த்தாள். விரலை ஓட்டினாள், மடிப்பு உதிர்ந்தது. குடைக்குக் கீழே கத்தியை வைத்து அறுத்தாள். போகப் போகக் கை தானாக ஓட ஆரம்பித்தது. கண் பார்த்ததும் கத்தி அறுத்தது. சாய்ந்த ஒரு மரத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கொஞ்சம் பெரிதாக, பட்டு போல மினுங்கிக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. இவ்வளவு அழகானவை அதுவரை அவள் கண்ணில் பட்டதில்லை. குனிந்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் கத்தியை வைத்தாள். பக்கத்தில் கோழிமுட்டை போல உருண்டையாக ஏதோ வெள்ளையாக மண்ணில் பாதி புதைந்திருந்தது. அதை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

தாஸ்யாவின் சமையலறையில் ஆவி மண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தலைமுடிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, தக்காளிச் சாறு வழிகிற கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தபடி அவள் முற்றத்துக்கு வந்தாள். விரிப்பைப் போட்டாள். கூடையைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத்தான் பார்த்தாள். அழுகல் ஒன்றிரண்டை வீசினாள். அவ்வளவுதான்.

“மாமியார் இன்னிக்குப் பட்டினி” என்றாள்.

ரவுஷானுக்கு முகமெல்லாம் பூரித்துப் போயிற்று.

உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு, புளித்த பாலாடை ஊற்றித் தாஸ்யா பெரிய வாணலியில் வதக்கினாள். ரோதியோன் ஆற்றோடு கீழே போயிருந்தான். சாபித் வயலில். இருவருமாக வாணலியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரவுஷான் கிழங்காகப் பார்த்துப் பொறுக்கித் தின்றாள்.

“ஒதுக்கறா பாரு. நீ பொறுக்கினதுடி. இன்னிக்காவது திங்கலன்னா எனக்குக் கோவம் வந்துடும்.”

அந்தப் பெருமையில் ரவுஷானும் ஒன்றிரண்டு துண்டை மென்று விழுங்கினாள். மிச்சத்தைத் தாஸ்யா ரொட்டியால் வாணலியைத் துடைத்துத் தின்றுவிட்டு, நல்லா இருந்துச்சு என்றாள்.

மறுநாள் காலை சூளைக்குத் தாஸ்யா வரவில்லை. ரவுஷான் தனியாக மாவு பிசையத் தொடங்கியவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். இரண்டாம் தடவை வாந்தியெடுத்தபோது அவளுக்கு நேற்றைய வாணலி நினைவுக்கு வந்தது. மாவு படிந்த கையோடு அப்படியே தாஸ்யாவின் வீட்டுக்கு நடந்தாள்.

தாஸ்யா சமையலறைத் தரையில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“பாலாடை கெட்டுப்போயிருந்துதுடி” என்றாள், நிமிராமலே.

“தாஸ்யா, காளான்.”

“என் கை பாத்த காளான். அதுல ஒண்ணுமில்ல.”

“எனக்கும் அதேதான் ஆகுது.”

“பாலாடைய நீயும்தானே தின்ன.”

ரவுஷான் ஊர் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று நர்ஸம்மா கேட்டதும் ரவுஷான், “காளான்” என்றாள். நர்ஸம்மா தாஸ்யாவைப் பார்த்தாள். அந்த ஊரில் காளான் சந்தேகம் என்றால் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவது தாஸ்யாவிடம்தான்.

“இவ பயந்தாங்கொள்ளி. பிறந்ததுல இருந்து குதிரைக்கறி தின்னவளுக்கு வயித்த வலிச்சா காளான் மேலதான் சந்தேகம். நான் பாத்துட்டுத்தான் சட்டியில போட்டேன்.”

“எதுக்கும் வட்டார ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க, வண்டியிலதான் போறேன்” என்று நர்ஸம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தாஸ்யா அசையவில்லை. காளான் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று ஊர் பேசும். அதைவிட வாளியே மேல் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ரவுஷானை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கையில் ஊசி குத்தி மருந்து இறக்கினார்கள். இளவயது டாக்டரம்மா காளானைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். நிறம் என்ன, மடிப்பு என்ன நிறம். எல்லாவற்றுக்கும் ரவுஷானுக்குப் பதில் இருந்தது.

“தண்டுல வளையம் இருந்துச்சா? அடியில பை மாதிரி?”

ரவுஷான் ஊசி குத்தியிருந்த தன் கையைப் பார்த்தாள். “தண்டை நான் பாக்கல டாக்டர். தலைய மட்டும்தான் அறுத்தேன்” என்றாள்.

டாக்டரம்மா அவள் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் சாபித் செய்தி கேட்டு வயலிலிருந்து நேரே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தாஸ்யாவிடமிருந்து போன் வந்தது. குரல் கணீரென்று இருந்தது.

“என்னடி, குத்தி முடிச்சாங்களா? நான் இங்க எழுந்து முட்டைக்கோஸ் நறுக்கிட்டிருக்கேன். வாந்தி, வயித்தால எல்லாம் நின்னு போச்சு. பாலாடைதான்னு சொன்னேன்ல? நீ அங்க ராணி மாதிரி படுத்துக் கிட.”

ரவுஷானுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது. அறைக்குள் வந்த டாக்டரம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“அக்கா, அவங்கதானே அதிகமா சாப்பிட்டாங்க?”

“ஆமா.”

“வெளிறி அப்படித்தான் பண்ணும். வாந்தியெல்லாம் நிக்கும். ஒரு நாள் ஆள் நல்லா எழுந்து நடப்பாங்க. அந்த நேரத்துலதான் உள்ள ஈரல் வெந்துட்டிருக்கும். இப்ப நல்லா இருக்கேன்னு அவங்க சொல்றதுதான் எனக்குப் பயமா இருக்கு. உடனே வரச் சொல்லுங்க.”

ரவுஷான் போன் போட்டாள். கெஞ்சினாள், அழுதாள், திட்டினாள். தாஸ்யா முதலில் சிரித்தாள், பிறகு, “நான் முப்பது வருஷமா பொறுக்கறவ. நேத்து பேனா பிடிச்ச டாக்டரு எனக்குச் சொல்லித் தரணுமா” என்று போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. வரமாட்டேன் என்கிறவளை வண்டி அனுப்பி இழுத்துவர முடியாது என்றாள் டாக்டரம்மா.

ரவுஷான் கட்டிலை விட்டு இறங்கினாள். மருந்துக் குழாயைக் கழற்றினார்கள். கையில் குத்திய ஊசியை மட்டும் பிளாஸ்திரியோடு அப்படியே விட்டார்கள்.

“எங்கே போகணும்?” என்று கேட்டான் சாபித், காரைக் கிளப்பிக்கொண்டே.

“ஓக் தோப்புக்கு.”

“தாஸ்யா வீட்டுக்குன்னுல்ல சொன்ன?”

“வெறுங்கையோட போனா அவ நம்ப மாட்டா.”

நடக்கும்போது கால் தள்ளாடியது. சாபித் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாய்ந்த மரத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. அறுபட்ட தண்டுகள் பள்ளத்தில் அப்படியே நின்றன, வெட்டின இடம் மட்டும் காய்ந்து சுருங்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் கத்திபட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஈரத்தில் தண்டோடு ஒட்டிக்கொண்டு, மெல்லிய பாவாடை. அவள் மண்டியிட்டு விரலால் மண்ணைத் தோண்டினாள். தண்டின் அடி ஒரு வெள்ளைப் பையிலிருந்து எழும்பி வந்தது. பக்கத்தில் அன்று சுற்றிக்கொண்டு வந்த அந்த முட்டை இப்போது பிளந்திருந்தது. உள்ளேயிருந்து பச்சையும் வெள்ளையுமில்லாத ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாபித்துக்குக் காளானைக் கையால் தொட அருவருப்பு. ஆனால் அவன்தான் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, அவளைத் தூக்கி நிறுத்தினான்.

தாஸ்யா உண்மையிலேயே முட்டைக்கோஸ்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். இவர்களைப் பார்த்ததும், “அடிப்பாவி, ஊசியோட ஓடி வந்துட்டியா?” என்று ஆரம்பித்தவள், மேஜைமேல் ரவுஷான் கொட்டியதைப் பார்த்தாள்.

மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டாள். ஒரு தண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் மண்ணைச் சுரண்டினாள். பையின் விளிம்பை விரித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் அப்படியே பார்த்துவிட்டு வைத்தாள்.

“எங்க இருந்துச்சு?”

“நான் அறுத்த இடத்துல. பழைய வளைவுல.”

“நான் பாத்தேனேடி. ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாத்தேனே.” ரவுஷானிடம் பேசுவது போலவே இல்லை அது. “தலைய மட்டும் அறுன்னு நான்தானே சொன்னேன்.”

“நான் விரல ஓட்டிப் பாக்கல தாஸ்யா. முதல்ல பாத்தேன். அப்புறம் பாக்கல.”

தாஸ்யா கத்தியைக் கழுவி இடத்தில் வைத்தாள். நறுக்கினதை ஒரு தட்டுப் போட்டு மூடினாள். கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தபோது, வெளிச்சத்தில் அவள் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் படிந்திருப்பதை ரவுஷான் பார்த்தாள். சாபித்தும் பார்த்தான்.

காரில் பின்னிருக்கையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலம் வந்ததும் தாஸ்யா ரவுஷானின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ரோதியோன்கிட்ட நான்தான் பொறுக்கினேன்னு சொல்லு.”

“மாட்டேன்.”

“சொல்றதக் கேளு. அவனுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது. ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு கசாக்குக்காரி எங்க ஆளுக்கு விஷம் வெச்சான்னு சொல்லிடுவாங்க. நீ இந்த ஊர்ல இருக்கணும்ல?”

“நீ பொழைச்சு வந்து நீயே சொல்லிக்கோ.”

“அதுவும் சரிதான்” என்று தாஸ்யா சிரித்தாள். தங்கப் பல் மின்னியது. “ஆனா வாக்குக் குடு.”

ரவுஷான் தலையசைத்தாள். அதைத் தாஸ்யா வாக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததுமே ஓரால் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரோதியோன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க மஞ்சள். மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிந்தது. ஒரு தடவை அவள் மகன் பெயரைச் சொல்லி அழைத்தாள்; மகன் அப்போது எல்லைச் சாவடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். இன்னும் சில நாள் அப்படியே கிடந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோனாள்.

வட்டார ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ரவுஷானுக்கு அதைச் சாபித் வந்து சொன்னான். அவள் தின்றது கொஞ்சம். அவள் ஈரல் தப்பித்துக்கொண்டது. உங்களுக்கு அதிர்ஷ்டம் அக்கா என்றாள் டாக்டரம்மா. ரவுஷான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து தாஸ்யாவின் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த ரவுஷான் மேஜைக் கோடியில், சாபித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேன் கலந்த கோதுமையை ஆளுக்கொரு கரண்டி வைத்தார்கள். முதலில் எல்லோரும் தாஸ்யாவின் ரொட்டியைப் பற்றி, அவள் வாயைப் பற்றிப் பேசினார்கள். வோட்கா இறங்க இறங்கப் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

“அவளுக்கே இப்படின்னா நம்பவே முடியல. கண்ணு மங்கிப்போச்சோ என்னவோ.”

“கண்ணென்ன கண்ணு. ஆசை. கூடை நிறையணும்னு ஆசை. இனி காளான்னு யாரு கேட்டாலும் அவ பேரச் சொல்லிச் சிரிப்பாங்க.”

“அதான், அவ பாத்துக் குடுத்ததெல்லாம் நாமளும் தின்னோமே, நினைச்சாலே பகீர்ங்குது” என்றாள் ஒரு கிழவி.

ரோதியோன் மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். கண்ணாடிக் குவளையைக் கையில் சுற்றிக்கொண்டே, “முட்டாள் பொம்பளை” என்றான். “ஆத்துல இருந்து வந்து பாத்தா அரைப்பொணமா கிடக்கறா. வெளிறியப் பொறுக்கிட்டு வந்து, வெளிறியத் தின்னுட்டு, முட்டைக்கோஸ் நறுக்கிட்டிருந்திருக்கா. முட்டாள்.”

அவன் மகன், “அப்பா, போதும்” என்றான்.

“போதுமாம். எனக்கென்ன போதும்? முட்டாள்.”

ரவுஷான் எழுந்து நின்றாள். சாபித் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான், அவள் உட்காரவில்லை.

“ரோதியோன் அண்ணே, அவ பொறுக்கல. நான் பொறுக்கினேன். அவ வீட்டுல தக்காளி போட்டுட்டிருந்தா. தோப்புக்கு நான் தனியாப் போனேன். பாக்காம அறுத்தேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கிட்டா.”

ரோதியோன் அவளை வெகுநேரம் பார்த்தான். அடிக்க வருவான் என்றே சாபித் நினைத்து எழுந்து நின்றான். ரோதியோன் எழுந்திருக்கவே இல்லை.

“வெளிய போ” என்றான், மெதுவாக.

வாசலைத் தாண்டும்போது பின்னால் யாரோ, “அப்பவே சொன்னேன், அவங்களுக்கு என்னடி காளானப் பத்தித் தெரியும்” என்பது காதில் விழுந்தது.

தாஸ்யா சொன்னது போலவேதான் நடந்தது. ரவுஷான் பிசைந்த மாவில் சுட்ட ரொட்டி வேண்டாம் என்று சில பெண்கள் சூளை வாசலிலேயே சொன்னார்கள். முதலாளி நல்ல மனிதர்தான். கொஞ்ச நாள் வீட்டில் இரு, ஊர் மறக்கட்டும் என்று கண்ணைப் பார்க்காமல் சொன்னார். கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. இங்கிருந்து போய்விடலாம் என்றான் சாபித். எங்கே போனாலும் இதுதானே கூட வரப்போகிறது என்றாள் அவள். தினம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் மழை தட்டினால் எழுந்து திரையை இழுத்து மூடுவாள்.

குளிர்காலத்தில் ஆறு உறைந்தது. மரக்கட்டைகளை ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு அவள் ஒரு நாள் பனிக்கட்டி வழியாக வந்துகொண்டிருந்தாள். நடு ஆற்றில் துளை போட்டு, பக்கத்தில் முக்காலியில் ஒருவன் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். கிட்டே வந்த பிறகுதான் அது ரோதியோன் என்று தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். அதற்குள் அவன் தலையைத் தூக்கிவிட்டான்.

“நில்லு.”

அவள் நின்றாள்.

“கார்ல நீதானே அவகூட இருந்த? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது.”

“ஆமாண்ணே.”

“என்ன சொன்னா?”

ரவுஷான் ஒன்றையும் மறைக்கவில்லை. மேஜைமேல் தண்டுகளைக் கொட்டியது, அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தது, முட்டைக்கோஸைத் தட்டுப் போட்டு மூடியது, பாலத்தில் கையைப் பிடித்தது, உங்களுக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது என்றது. எல்லாவற்றையும் சொன்னாள்.

ரோதியோன் துளையில் படிந்த மெல்லிய பனியைக் கரண்டியால் வாரி எறிந்தான்.

“தண்ட எதுக்குத் தோண்டின?”

“போன்ல சொன்னா நம்பல. கண்ணால பாத்தாத்தான் வருவான்னு தெரியும்.”

“வந்தாளே.”

“வந்தா. ஆனா நேரமாயிடுச்சு.”

அவன் தலையசைத்தான். “உன்ன என்னால மன்னிக்க முடியாது” என்றான். “அதச் சொல்லிடறேன். உன் முகத்தப் பாத்தா எனக்கு அந்த வாணலிதான் தெரியுது. ஆனா நீ அன்னிக்கு எழுந்து சொல்லாம விட்டிருந்தா, நான் சாகற வரைக்கும் அவள முட்டாள்னு திட்டிட்டே இருந்திருப்பேன். கல்லறைக்கு முன்னால நின்னும் திட்டியிருப்பேன்.”

தூண்டில் நரம்பு அசைந்தது. அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு அதைக் கையில் சுற்ற ஆரம்பித்தான். ரவுஷான் சறுக்குவண்டியின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். கரையில் வீடுகளின் புகை நேராக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து எட்டு வைத்து, அந்த ஊரை நோக்கி நடந்தாள்.